எண் 93

வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் 2022இல் தமிழகத் தொல்லியல் துறை அகழத் தொடங்கியபோது, சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகளோடு சுடுமண் தக்களிகளும் கிடைத்தன. நடுவில் துளையிட்ட சிறு வில்லை. துளையில் குச்சியைச் செருகிச் சுழற்றினால் பஞ்சு நூலாகும். பட்டியலில் அது ‘சுடுமண் பொருட்கள்’ வரிசையில் வரும். எதனால் ஆனது என்பதுதான் அங்கே வகை. யார் கை அதைச் சுழற்றியது என்பது அல்ல.

புறநானூறு நடத்தும்போது ‘பருத்திப் பெண்டு’ என்ற பெயரிடம் வந்ததும் நான் கொஞ்சம் நின்றுவிடுவேன். நூற்பவளுக்கு அவள் தொழிலாலேயே பெயர் இருக்கிறது. இன்றைய புள்ளிவிவரம் அவளை எப்படி அழைக்கிறது?

ஐ.நா.வின் பன்னாட்டு வகைப்பாட்டைப் பின்பற்றி 2008இல் திருத்தப்பட்ட தேசியத் தொழில் வகைப்பாட்டில் நூற்பு, நெசவு, சாயமேற்றுதல் எல்லாம் பிரிவு 13. ஆயத்த ஆடை 14. எங்கள் மாவட்டத்துத் தளவாய்புரத்தில் விற்பனைக்குத் தைக்கும் நைட்டி 14இல் வரும். சத்திரப்பட்டித் தறியில் ஓடும் பேண்டேஜ் துணி 13. அதில் மருந்தேற்றினால் 21, அதாவது மருந்துத் தொழில். பஞ்சிலிருந்து கொட்டை பிரிப்பது 1987 வகைப்பாட்டில் பருத்தித் துணித் தொழிலோடு இருந்தது, இப்போது வேளாண்மைக்குள் போய்விட்டது. பட்டாசுத் திரியும் பருத்தி நூல்தான், ஆனால் பட்டாசு 20, வேதிப்பொருள். சரவெடியைப் பெண்கள் நூலால் சடை பின்னுவதுபோலப் பின்னுகிறார்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்துப் பின்னினால் அது குற்றம் என்பதால் கணக்கெடுக்க வருபவரிடம் யாரும் வாய் திறப்பதில்லை.

எண்ண வேண்டுமென்றால் எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். அதில் எனக்கு வழக்கில்லை. வழக்கு, கோடு விழும் இடத்தைப் பற்றியது.

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பருவ வேலை நடக்கும் காலத்தின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் வேலை செய்தவரும் உழைப்பவர்தான். வீட்டுத் தொழிலுக்குத் தனி வகையும் இருந்தது. 1971இல் ‘முதன்மையான செயல் எது’ என்று கேட்டார்கள். சமையல், பிள்ளை, மாடு எல்லாவற்றுக்கும் நடுவே தார் சுற்றிக்கொடுக்கும் பெண் என்ன சொல்வாள்? அவளுக்காகப் பதில் சொன்ன ஆண் என்ன சொல்லியிருப்பான்? அந்தப் பத்தாண்டில் உழைக்கும் பெண்களின் விகிதம் ஏறக்குறையப் பாதியானது. பாவு ஓட்டுவதையும் தார் சுற்றுவதையும் நெசவு வீட்டுப் பெண்கள் நிறுத்திவிடவில்லை. கேள்விதான் மாறியது.

ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு பெரும்பாலும் பதிவுபெற்ற தொழிற்சாலைகளுக்குள்தான் நுழையும். அதன் வழக்கமான அளவுகோலாக நெடுங்காலம் இருந்தது, மின்சாரத்தோடு 10 பேர், இல்லாமல் 20 பேர் என்பது. வீட்டுத் திண்ணையில் நைட்டிக்குப் பட்டன் வைப்பவளை வேறு கணக்கெடுப்புகள் பிடித்தால்தான் உண்டு.

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு எண் 92. வீட்டு வேலையோடு விறகு, கீரை, தீவனம் சேகரித்து, வீட்டுத் தேவைக்குத் தைப்பவருக்கும் நெய்பவருக்கும் எண் 93. இருவருமே உழைப்பாளர் கணக்குக்கு வெளியே. இத்தனைக்கும், வீட்டுப் பயன்பாட்டுக்காகச் செய்யும் பொருளும் உற்பத்தியே என்று ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறை 1993இலேயே சொல்லிவிட்டது. தொழில் வகைப்பாட்டிலும் அதற்குப் பிரிவு 98 இருக்கிறது. செயலுக்கு இடம் உண்டு, செய்பவளுக்கு இல்லை. ஒரே தையல் மெஷின், ஒரே மிதி. பாவாடை கடைக்குப் போனால் 14, மகளுக்குப் போனால் 93.

கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் ஒரு மாணவி ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். அம்மா பகலில் ஆலையில் சரம் பின்னுகிறாராம், ராத்திரி நைட்டிக்கு லேஸ் வைக்கிறாராம், அவள் போட்டிருந்த சுடிதாரும் அம்மா தைத்ததுதானாம்.

“மூணுல எதை எழுதுறது மேம்? கட்டம் ஒண்ணுதான இருக்கு” என்றாள்.