பஞ்சு போன ஊரில் ஒரு பழைய ரயில் பாதை

கோயமுத்தூர்க்காரன் மான்செஸ்டருக்குப் போனால் எப்படி இருக்கும்? அசல் கடைக்கு முன்னால் கிளைக் கடைக்காரன் போய் நின்ற மாதிரிதான். "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்" என்று பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு எழுதி எழுதிப் பழகிய கை. அதற்குப் பிறகு முப்பத்தோரு வருஷம் பஞ்சாலையில் குப்பை கொட்டியவன் நான். போன மே மாதம் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியபோது, அசலில் ஒரு ஸ்பிண்டிலாவது சுற்றுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. மியூசியத்தில் சுற்றுகிறது. மற்றபடி மில் கட்டடங்களில் எல்லாம் குடித்தனங்கள், ஓட்டல்கள்.

"மாமா, ஊருக்குள்ளே பார்த்தது போதும். மில்லும் ஆறும் ரயிலும் சேர்ந்தே இருக்கிற ஒரு ஊருக்குப் போலாம்" என்றார் மாப்பிள்ளை. அப்படிப் போனதுதான் நியூ மில்ஸ். டெர்பிஷயர் மாவட்டத்தில் இருக்கிறது. மான்செஸ்டரிலிருந்து ரயிலில் அரை மணி. மூட்டு வலி என்று வீட்டுக்காரம்மா வரவில்லை. நான், மாப்பிள்ளை, பேரன் மூன்று பேரும் கிளம்பினோம்.

பெயரைப் பார்த்துப் பஞ்சாலை என்று நினைத்துக்கொண்டேன். இல்லையாம். தானியம் அரைக்கிற நீர் ஆலை ஒன்று 14ஆம் நூற்றாண்டிலேயே இங்கே இருந்திருக்கிறது, அதை வைத்து வந்த பெயர். பஞ்சு வந்தது அதற்கு நானூறு வருஷம் கழித்து. அது வந்த கதை நம் ஆட்களுக்குத் தெரிய வேண்டிய கதை.

இந்தியாவிலிருந்து போன அச்சுத் துணிக்கு அங்கே அவ்வளவு மோகம். கோழிக்கோட்டுப் பெயரில்தான் "காலிகோ" என்றே சொன்னார்கள். கம்பளிக்காரர்களும் பட்டுக்காரர்களும் கூச்சல் போட்டதில், 1721இல் அச்சிட்ட காலிகோவை உடுத்தவே கூடாது என்று சட்டம் போட்டார்கள். அது 1774 வரை இருந்தது. அதற்குள் தாங்களே நூற்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆர்க்ரைட் 1769இல் நீரால் ஓடும் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கி, 1771இல் இதே டெர்பிஷயரில் கிராம்ஃபோர்டில் ஆலை போட்டார். 1785இல் கோர்ட்டு அவருடைய காப்புரிமையை ரத்து செய்தது. அவ்வளவுதான், ஓடுகிற தண்ணீர் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் மில் முளைத்துவிட்டது. நியூ மில்ஸில் கோய்ட், செட் என்று இரண்டு ஆறுகள் ஒரு பாறைப் பள்ளத்தில் சேர்கின்றன. பள்ளம் எழுபது அடி ஆழம். ஊர் மேலே, மில்கள் கீழே. மேலே இருந்து பார்த்தால் மில்லின் புகைபோக்கி நம் கண் மட்டத்தில் நிற்கிறது!

ரயில் நிலையமே அந்தப் பள்ளத்தின் சரிவில்தான். இறங்கி ஆற்றோரமாக நடந்தால் ஒரு இரும்பு நடைபாதை வருகிறது. ஒரு பக்கம் ரயில் பாதையைத் தாங்கும் பிரம்மாண்டமான கல் சுவர், இன்னொரு பக்கம் ஆறு, நடுவே கால் வைக்க இடமே இல்லாத இடம். அங்கே பாதி தூரம் ஆற்றுக்குள் தூண் ஊன்றியும், மீதியைச் சுவரிலிருந்தே நீட்டியும் 2000ஆம் ஆண்டில் பாதை போட்டிருக்கிறார்கள். அதை வடிவமைத்த பொறியாளர் 2005 லண்டன் குண்டுவெடிப்பில் இறந்துபோனார் என்று மாப்பிள்ளை சொன்னார். அந்த வளைவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

எதிர்க்கரையில் டார் வேல் மில். 1780களின் கடைசியில் கட்டினது. நீராவி வந்த பிறகும் நீர்ச்சக்கரத்தை உடனே தூக்கி எறியவில்லை. கடைசிக் காலத்தில் துண்டு நெய்தார்களாம். 2000இல்தான் நின்றது. இருநூறு வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் பஞ்சு வேலை! நம் ஊரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியதே 1888. பைக்காரா மின்சாரம் 1930களில் வந்த பிறகுதான் சிங்காநல்லூர், பீளமேடு பக்கமெல்லாம் மில் சங்கு ஊத ஆரம்பித்தது. நம்முடைய மொத்தக் கதையும் இந்த ஒரு கட்டடத்தின் வயதுக்குள் அடங்கிப்போகும். அந்த மில்லில் இப்போது கல்யாணம் நடத்துகிறார்கள். இடிக்காமல் விட்டார்களே, அதுவரை சந்தோஷம்.

இரண்டு ஆறும் சேர்கிற இடத்தில் இன்னொரு மில்லின் அடித்தளக் கற்கள் மட்டும் கிடக்கின்றன. அது 1912இல் தீப்பிடித்து எரிந்தது. பஞ்சும் புளோ ரூமும் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஒரு பொறி போதும். அந்த அணைக்கட்டில் 2008இல் ஊர்க்காரர்களே பங்கு போட்டு ஒரு சின்ன நீர்மின் நிலையம் வைத்திருக்கிறார்கள். ஒரு பெரிய திருகை ஆற்றில் சாய்த்துப் போட்ட மாதிரி இருக்கிறது. அதற்கு "ஆர்ச்சி" என்று செல்லப் பெயர். "அப்பிச்சி, இது கரும்பு ஜூஸ் மிஷினா?" என்று கேட்டான் பேரன். கிட்டத்தட்ட அப்படித்தான்டா கண்ணு.

அங்கிருந்து மேலேறிப் போனால் பழைய ரயில் பாதை. செட் ஆற்றோரமாக ஹேஃபீல்டு கிராமம் வரை இரண்டரை மைல். 1868இல் போட்ட கிளைப்பாதை, 1970 ஜனவரியில் மூடினார்கள். 1963இல் பீச்சிங் என்பவர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு அந்த நாட்டில் ஆயிரக்கணக்கான மைல் ரயில் பாதை போய்விட்டது. தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் பாதையை நடக்கிறவர்களுக்கும் சைக்கிள், குதிரை ஓட்டுகிறவர்களுக்கும் விட்டுவிட்டார்கள். ரயிலுக்கு வெட்டின பாதை என்பதால் ஏற்றமே தெரியாது. என் போன்ற முழங்கால்காரர்களுக்கு ஏற்றது. இதில் ஒரு வேடிக்கை. மான்செஸ்டரிலிருந்து வந்து நியூ மில்ஸோடு நிற்கிற வண்டி திரும்பிப் போக வேண்டுமே, அதற்காக அந்தப் பழைய கிளைப்பாதையின் சுரங்கத்துக்குள் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வருகிறது. ஹேஃபீல்டு போகிற மாதிரி பாவனை!

வழியெல்லாம் மரம், ஆற்றின் சலசலப்பு. நடுவே பர்ச் வேல் என்ற இடத்தில் ஒரு ஸ்டேஷன் இருந்திருக்கிறது. பக்கத்தில் துணியில் அச்சடிக்கிற பெரிய பட்டறையும் இருந்ததாம். ஆற்றை எட்டிப் பார்த்தேன். கூழாங்கல் தெரிகிற தண்ணீர். நொய்யலை நினைத்துக்கொண்டேன். 2011இல் ஹைகோர்ட்டு திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை நாம் பார்த்திருக்கிறோம். வேண்டாம், அந்தப் பேச்சை எடுத்தால் இந்தக் கட்டுரை முடியாது.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். நாயோடு வந்த ஒரு பெரியவரும் பக்கத்தில் உட்கார்ந்தார், எழுபதைத் தாண்டிய வயது. வெயிலைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்தது. அந்த ஊரில் எல்லாப் பேச்சும் அங்கேதான் ஆரம்பிக்கும். நான் இந்தியாவில் பஞ்சாலையில் இருந்தவன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய அம்மா தறி ஓட்டினவராம். தறிச் சத்தத்தில் காது கேட்காது என்பதால் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்களாம். வீட்டிலும் அம்மா அப்படித்தான் பேசுவார், வாயைப் பெரிதாக அசைத்து, சத்தமே இல்லாமல். நாங்களும் ரிங் பிரேம் நடுவே கையாலும் உதட்டாலும்தான் பேசினோம் என்றேன். என் இடது காது போனதும் அங்கேதான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் சைகையிலேயே பேசிப் பார்த்தோம். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வராமல் இந்தப் பக்கமெல்லாம் பட்டினி கிடந்தது. அப்போது நம் ஊரிலிருந்து "சூரத்" பஞ்சு அனுப்பினார்கள். குட்டை இழை. நூல் அறுந்துகொண்டே இருக்கும், அதனால் கூலி குறையும், தொழிலாளிகள் அந்தப் பெயரைச் சொல்லியே திட்டினார்களாம். இழை நீளம் போதாத பஞ்சோடு மாரடித்தவனுக்கு அந்தத் திட்டின் நியாயம் புரியும். அவரிடம் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், விளையாட்டாகத்தான்.

பிறகு அவர் ரயிலைப் பற்றிச் சொன்னார். கடைசி வண்டியில் அவரும் போயிருக்கிறார், இளைஞனாக. "எந்த நாளோடு நிற்கிறது என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். நோட்டீஸ் போட்டார்கள், ஆட்சேபணை கேட்டார்கள், நாங்களும் எழுதிப் போட்டோம், பலிக்கவில்லை. ஆனால் தெரிந்ததால் எல்லோரும் போய் ஏறிக்கொண்டோம்" என்றார்.

அதைக் கேட்டபின் எனக்குப் பேச்சு வரவில்லை. மாப்பிள்ளைகூட, "என்னங்க மாமா, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?" என்று கேட்டுவிட்டார்.

1999இல் எங்கள் மில் நின்றது. பெயர் வேண்டாம். நான் அப்போது உதவி ஸ்பின்னிங் மாஸ்டர். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலையை மூட வேண்டுமென்றால் 90 நாள் முன்பே அரசாங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது, அப்போதிருந்த தொழில் தகராறு சட்டம் அப்படிச் சொன்னது. எங்கள் மில்லில் "மூடல்" என்ற வார்த்தையே வரவில்லை. ஒரு நாள் காலை கேட்டில் "தற்காலிக நிறுத்தம்" என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அந்தத் தாள் வரப்போவது எனக்கு மூன்று வாரம் முன்பே தெரியும். மேலே இருந்தவர் கூப்பிட்டுச் சொல்லி, வெளியே வாய் திறக்கக் கூடாது என்றார். திறக்கவில்லை.

அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள், இரவு ஷிப்டில், சைடர் ஒருவர் என்னிடம் வந்தார். பதினெட்டு வருஷம் என் கீழே வேலை பார்த்தவர். பிரேம் ஓடிக்கொண்டிருந்தது. உதட்டை அசைத்துத்தான் கேட்டார்: "புள்ள கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கலாம்னு இருக்கறனுங்க சார். மில்லு ஓடுமுங்களா?"

"ஓடும்" என்று நானும் உதட்டை அசைத்தேன்.

கிராஜுவிட்டி வந்துசேரப் பல வருஷம் ஆயிற்று. அதற்குள் அவர் வீட்டை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. சுற்றுச்சுவரில் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை, போய் நின்று பார்க்க.

ஹேஃபீல்டு வரை நடந்து முடித்தோம். ஸ்டேஷன் இருந்த இடம் இப்போது கார் நிறுத்துமிடம். 1932 ஏப்ரல் 24ஆம் தேதி, கிண்டர் மலையில் நடக்க எங்களுக்கும் உரிமை உண்டு என்று சுமார் 400 தொழிலாளர்கள் இந்தக் கிராமத்திலிருந்துதான் அத்துமீறி ஏறினார்கள். பறவை வேட்டைக்காகப் பெரிய மனிதர்கள் மூடி வைத்திருந்த மலை அது. தலைவர் பென்னி ராத்மனை ரயில் நிலையத்தில் வைத்துப் பிடிக்கலாம் என்று போலீஸ் காத்திருக்க, மனிதர் மான்செஸ்டரிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்துவிட்டார்! ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். 1951இல் அந்த மலைப்பகுதி நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. பேரனுக்கு சைக்கிள் கதை மட்டும் பிடித்தது.

திரும்பும்போது நியூ மில்ஸ் கடைவீதியில் பேரன் மிட்டாய் கேட்டான். எழுத்துப் பொறித்த "லவ் ஹார்ட்ஸ்" மிட்டாய். அதைச் செய்கிற தொழிற்சாலையே அந்த ஊரில்தான் இருக்கிறது. போர்க்காலத்தில் லண்டனில் குண்டு விழுந்ததால் இங்கே ஒரு பழைய மில்லுக்கு வந்தவர்கள் அப்படியே தங்கிவிட்டார்கள். ஒரு பொட்டலம் நானும் வாங்கிக்கொண்டேன்.

கோயமுத்தூர் வந்ததும் பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேரிடம் கேட்டு அந்த சைடர் இருக்கிற இடத்தை விசாரித்துவிட்டேன். நீலிக்கோணாம்பாளையம் பக்கம், மகன் வீட்டில் இருக்கிறாராம். காது சுத்தமாகக் கேட்காது என்கிறார்கள். மிட்டாய்ப் பொட்டலம் பீரோவில் இருக்கிறது. இன்னும் போகவில்லை.