இலவச இருக்கை உயர்வு

விமானச் சீட்டில் குறித்திருக்கும் வகுப்பைவிட மேலான வகுப்பில், கூடுதல் பணம் வாங்காமல் ஒரு பயணியை அமர்த்துவது இலவச இருக்கை உயர்வு எனப்படும். பயணிகள் இதை ‘அப்கிரேடு’ என்கிறார்கள். இதன் முக்கியமான வகைக்கு விமான நிறுவன ஊழியர்களிடையே ‘ஆப்-அப்’ என்று பெயர். இயக்கத் தேவைக்காகச் செய்யும் உயர்வு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. விஷயம் முழுவதும் அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது: தேவை நிறுவனத்துடையது, பயணிக்குக் கிடைப்பது அதன் உபரி.

உண்மையிலேயே கிடைக்கிறதா என்றால், கிடைக்கிறது. ஆனால் கேள்விப்படும் கதைகளில் வருவதுபோல, கவுன்டரில் சிரித்த முகத்துக்கும், ‘இன்று எங்கள் திருமண நாள்’ என்ற அறிவிப்புக்கும், தேய்த்து மடித்த கோட்டுக்கும் கிடைப்பது மிக அரிது. யாரை உயர்த்துவது என்ற முடிவு பெரும்பாலும் பயணி விமான நிலையத்துக்குள் கால் வைக்கும் முன்பே ஒரு பட்டியலில் எழுதப்பட்டுவிடுகிறது.

ஒரே சொல்லால் அழைக்கப்படும் மூன்று ஏற்பாடுகள் இதில் கலந்து கிடக்கின்றன. கீழ் வகுப்பு நிரம்பி வழியும்போது சிலரை மேலே தள்ளுவது ஒன்று. அடிக்கடி பறக்கும் வாடிக்கையாளருக்கு அவருடைய உறுப்பினர் தகுதிக்காகத் தருவது இன்னொன்று. மைல் புள்ளிகள், பணம், ஏலம் ஆகியவற்றால் வாங்குவது மூன்றாவது. முதலிரண்டும்தான் இலவசம். அதிலும் இரண்டாவதற்குப் பயணி வருடக்கணக்கில் சீட்டு வாங்கி முன்கூட்டியே விலை கொடுத்திருக்கிறார் என்று வாதிடலாம்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. இந்திய ரயில்வே 2006-இல் கொண்டுவந்த தானியங்கி வகுப்பு உயர்வுத் திட்டமும் இதே கணக்குதான். மேல் வகுப்பில் படுக்கை காலியாக இருந்தால், சார்ட் தயாரிக்கும்போது ஸ்லீப்பர் பயணியைக் கணினி ஏசி பெட்டிக்கு மாற்றும். காலியான ஸ்லீப்பர் படுக்கை காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்குப் போகும். அங்கே யாரும் டிக்கெட் பரிசோதகரிடம் நயமாகப் பேசி இதைப் பெறுவதில்லை. விமானத்தில் மட்டும் நயமான பேச்சு பலிக்கும் என்ற நம்பிக்கை ஏனோ நிலைத்துவிட்டது.

வகுப்புகள் பிறந்த கதை

1970-களின் பிற்பகுதிவரை பெரும்பாலான விமானங்களில் முதல் வகுப்பு, எகானமி என்று இரண்டே பிரிவுகள். எகானமியில் முழுக் கட்டணம் கொடுத்த வணிகப் பயணியும், அதில் பாதிகூடக் கொடுக்காத சுற்றுலாப் பயணியும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்தார்கள். முழுக் கட்டணக்காரர்களின் முணுமுணுப்பைத் தணிக்க, பான் ஆம், பிரிட்டிஷ் ஏர்வேஸ், குவாண்டாஸ் முதலிய நிறுவனங்கள் 1978, 1979-ஐ ஒட்டி அவர்களுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கின. பிசினஸ் கிளாஸ் அப்படித்தான் தோன்றியது. ஒரு வகையில் அந்த வகுப்பே ஒரு கூட்டு இருக்கை உயர்வு. பிரீமியம் எகானமி 1990-களின் தொடக்கத்தில் வந்தது. தைவானின் ஈவா ஏரும் பிரிட்டனின் விர்ஜின் அட்லாண்டிக்கும் அதில் முன்னோடிகள். படிகள் கூடக் கூட, ஒரு படி மேலே ஏற்றும் வாய்ப்பும் கூடியது.

1978-இல் அமெரிக்கா விமானக் கட்டணங்களின் மீதான அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. போட்டி கடுமையானதும் வாடிக்கையாளரைப் பிடித்து வைக்க வழி தேட வேண்டியிருந்தது. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘ஏ-அட்வான்டேஜ்’ என்ற மைல் சேகரிப்புத் திட்டத்தைத் தொடங்க, சில நாட்களிலேயே யுனைடெட் நிறுவனமும் தன் திட்டத்தோடு வந்தது. பிறகு வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று உறுப்பினர் தரங்கள் முளைத்தன. அந்தத் தரங்களுக்கு நிறுவனங்கள் காட்டிய பெரிய ஆசைப் பொருள், காலியாகக் கிடந்த முதல் வகுப்பு இருக்கை.

ஏன் உயர்த்துகிறார்கள்

ஆப்-அப்புக்குக் காரணம், இருக்கைகளைவிட அதிகமாகச் சீட்டு விற்பது. பதிவு செய்தவர்களில் சிலர் எப்படியும் வரமாட்டார்கள் என்பது நிறுவனங்களுக்குத் தெரியும். பழைய பதிவுகளைப் பார்த்து, எந்தத் தடத்தில், எந்தக் கிழமையில் எத்தனை பேர் வராமல் போவார்கள் என்று கணிக்கிறார்கள். இருக்கை விற்பனையின் கணிதத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் கென் லிட்டில்வுட் முக்கியமானவர். மலிவு விலையில் இப்போதே விற்பதா, முழு விலை தரும் ஒருவர் கடைசியில் வருவார் என்று காத்திருப்பதா என்ற கேள்விக்கு 1972-இல் அவர் சொன்ன விதி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இதில் வெளியாட்கள் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. விமானம் முழுவதையும் ஒன்றாகப் பார்த்தால் இடம் இருக்கும். எகானமியை மட்டும் பார்த்தால் இருக்காது. பிசினஸ் கிளாஸில் இருக்கைகள் மிஞ்சும் என்று கணித்தால், எகானமியை வேண்டுமென்றே கூடுதலாக விற்பார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ380 விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் தற்போதைய அமைப்பில் 471 இருக்கைகள்: 6 சூட், 78 பிசினஸ், 44 பிரீமியம் எகானமி, 343 எகானமி. ஒரு பேச்சுக்கு, எகானமியில் பயணிக்க 349 பேர் வந்து நிற்கிறார்கள், பிசினஸில் 10 இடம் காலி என்று வைத்துக்கொள்வோம். ஆறு எகானமி பயணிகளை நேரே பிசினஸில் உட்கார வைப்பதில்லை. பிரீமியம் எகானமியிலிருந்து ஆறு பேரை பிசினஸுக்கு ஏற்றி, அந்த இடங்களுக்கு எகானமியிலிருந்து ஆறு பேரை நகர்த்துவார்கள். ஆறு பேர் கூடுதலாக வந்ததில் பன்னிரண்டு பேருக்கு யோகம். இரண்டு படி தாண்டிக் குதிப்பவர்கள் அபூர்வம்.

கீழ் வகுப்பு நிரம்பாவிட்டால் மேல் வகுப்பு பாதி காலியாகப் பறந்தாலும் யாரையும் இப்படி ஏற்றமாட்டார்கள். பயணிகளுக்கு இது வீம்பாகத் தெரிகிறது. நிறுவனத்தின் கண்ணில் அது பண்டத்தின் விலையைக் காப்பது. கடைசி நேரத்தில் சும்மா கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் அடுத்த முறை யார் பணம் கொடுத்து வாங்குவார்கள்?

கூடுதல் விற்பனைக்கு விலை உண்டு என்பதை நிறுவனங்கள் உணர்ந்ததில் நீதிமன்றத்துக்கும் பங்கு இருக்கிறது. 1972-இல் அமெரிக்க நுகர்வோர் உரிமைச் செயல்பாட்டாளர் ரால்ஃப் நேடர், உறுதியான சீட்டு இருந்தும் அலெகனி ஏர்லைன்ஸ் விமானத்தில் ஏற்றப்படவில்லை. அவர் வழக்குத் தொடுக்க, 1976-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இத்தகைய வழக்குக்கு இடம் உண்டு என்றது. பொருளியலாளர் ஜூலியன் சைமன் 1968-லேயே ஒரு யோசனை சொல்லியிருந்தார்: யாரையும் வலுக்கட்டாயமாக இறக்காதீர்கள், எவ்வளவு கொடுத்தால் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பீர்கள் என்று பயணிகளிடமே கேளுங்கள். பத்தாண்டுகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். 1978-இல் அது விதியானது.

இந்தியாவிலும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி, முதலில் விருப்பமுள்ளவர்களைக் கேட்கச் சொல்கிறது. அதன் பிறகும் ஒருவரை விருப்பத்துக்கு மாறாக விட்டுச் சென்று, ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தர முடியாவிட்டால், இழப்பீடு தர வேண்டும். மாற்று விமானம் 24 மணி நேரத்துக்குள் என்றால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையின் இரு மடங்கு, உச்ச வரம்பு ரூ.10,000. அதற்கும் மேல் தாமதமானால் நான்கு மடங்கு, உச்ச வரம்பு ரூ.20,000. இந்தத் தொகையோடு ஒப்பிட்டால் காலியான பிசினஸ் இருக்கையில் ஒருவரை உட்கார வைக்க ஆகும் செலவு ஒரு சாப்பாடும் ஒரு போர்வையும்தான். இலவச உயர்வு பிழைத்திருப்பது இந்த வித்தியாசத்தில்.

யாரை உயர்த்துகிறார்கள்

பொதுவாக உறுப்பினர் தரம் முதலில் பார்க்கப்படும். தரம் சமமானால் சீட்டுக்குக் கொடுத்த விலை. ஒரே எகானமி வகுப்புக்குள்ளேயே பத்துக்கும் மேற்பட்ட கட்டணப் படிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. முழுக் கட்டணச் சீட்டு வைத்திருப்பவர், தள்ளுபடிக் காலத்தில் வாங்கியவருக்கு முன்னால் நிற்பார். தனியாகப் பயணிப்பவருக்கு வாய்ப்பு கூடுதல். நான்கு பேர் குடும்பத்தை யாரும் பிரித்து உயர்த்த விரும்புவதில்லை. முன்கூட்டிச் சொல்லிய சிறப்பு உணவு, கைக்குழந்தை போன்றவை கடைசி நேர மாற்றத்துக்கு இடைஞ்சல்.

தரத்துக்காகத் தரும் உயர்வு, அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் ஒரு தனிக் கலாச்சாரம். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் உச்சத் தர உறுப்பினருக்குப் புறப்பாட்டுக்கு 100 மணி நேரம் முன்பே இடம் உறுதியாகத் தொடங்கும். அடுத்த தரங்களுக்கு 72, 48, 24 மணி நேரம். மிஞ்சியவர்களின் பெயர்ச் சுருக்கங்கள் வாயில் அருகே உள்ள திரையில் வரிசையாக ஓடும். அந்நிறுவனத்தின் போயிங் 737-800 விமானத்தின் 172 இருக்கைகளில் 16 மட்டுமே முதல் வகுப்பு. வணிகப் பயணிகள் மொய்க்கும் திங்கள் காலை விமானத்தில் அந்தப் பட்டியல் அறுபது, எழுபது பெயர்களைத் தாண்டினாலும் வியப்பில்லை.

உடையைப் பற்றிய நம்பிக்கைக்கு ஒரு வேர் உண்டு. விமான நிறுவன ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் காலியிடம் இருந்தால் பறக்கும் சலுகைச் சீட்டில் போவார்கள். அவர்களுக்குப் பல நிறுவனங்களில் உடைக் கட்டுப்பாடு இருந்துவந்தது. 2017 மார்ச்சில் டென்வரில் லெகின்ஸ் அணிந்த இரு சிறுமிகளை யுனைடெட் ஏற்ற மறுத்ததாகக் கிளம்பிய சர்ச்சையின் பின்னணியும் அதுதான். அவர்கள் சலுகைச் சீட்டில் வந்தவர்கள். கோட்டு அணிந்த ஊழியர்கள் மேல் வகுப்பில் அமர்வதைப் பார்த்த மற்றவர்கள், கோட்டுதான் காரணம் என்று எண்ணியிருக்கலாம். பதிவில் ‘உயர்வுக்குத் தகுந்தவர்’ என்ற ரகசியக் குறி இருந்தால் போதும், அதைப் போட வைக்கத் தெரிந்த பயண முகவர் இருந்தால் போதும் என்பது இன்னொரு நெடுநாள் வதந்தி. பட்டியலைக் கணினி வரிசைப்படுத்தும் இடத்தில் அந்தக் குறிக்குப் பெரிய வேலை இல்லை.

மனிதக் கை அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பட்டியல் தீர்ந்தும் இரண்டு பேரை நகர்த்த வேண்டியிருந்தால், வாயிலில் நிற்கும் ஊழியர் தன் கண்ணுக்குத் தெரிந்தவர்களைத் தேர்ந்தெடுப்பார். இருக்கை உடைந்திருந்தாலோ திரை வேலை செய்யாவிட்டாலோ பணிப்பெண் அந்தப் பயணியை மாற்றி அமர்த்துவதும் உண்டு. விமானம் நிரம்பி வழிகிறது என்று தெரிந்தால், அடுத்த விமானத்தில் போகத் தயார் என்று முன்வருபவருக்கு அந்த விமானத்தில் மேல் வகுப்பு கிடைப்பதும் நடக்கிறது. கேட்க வேண்டும் என்றால் கேட்க வேண்டிய தருணம் அது. கதவு மூடிய பிறகு கேட்பதில் பயன் இல்லை.

குறைந்துவரும் வழக்கம்

முன்பு அமெரிக்க நிறுவனங்களின் உள்நாட்டு முதல் வகுப்பில் பெரும்பகுதி தர உறுப்பினர்களுக்கு இலவசமாகப் போனது. இப்போது டெல்டா போன்ற நிறுவனங்கள் அதே இருக்கைகளில் பெரும்பகுதியைப் பணத்துக்கே விற்கின்றன. செக்-இன் செய்யும்போதே, ‘இவ்வளவு கொடுத்தால் முன்னால் உட்காரலாம்’ என்று செயலி கேட்கிறது. வாயில்வரை அந்த விலை இறங்கிக்கொண்டே வருவதும் உண்டு. 2009-இல் தொடங்கிய, மான்ட்ரியலைத் தலைமையிடமாகக் கொண்ட பிளஸ்கிரேடு போன்ற நிறுவனங்கள், பயணிகள் விலை கூறும் ஏல முறையைப் பல விமான நிறுவனங்களுக்கு அமைத்துக் கொடுத்தன. மலேசியா ஏர்லைன்ஸ் ‘எம்எச் அப்கிரேடு’ என்ற பெயரில் இப்படி ஏலம் கேட்கிறது. பணம் கொடுக்க ஆளிருக்கும்போது சும்மா கொடுக்க எந்த நிர்வாகத்துக்கும் மனம் வராது.

இந்திய உள்நாட்டுப் பயணத்தில் இந்தக் கேள்வி எழுவதே குறைவு. நாட்டின் பெரிய நிறுவனமான இண்டிகோ 2006-இல் பறக்கத் தொடங்கியதிலிருந்து ஒரே வகுப்பை வைத்திருந்தது; ‘ஸ்ட்ரெச்’ என்ற பிசினஸ் வகுப்பை 2024 நவம்பரில்தான், அதுவும் டெல்லி–மும்பை தடத்தில் தொடங்கியது. மேலே ஒரு படி இருந்தால்தானே ஏற்றிவிட முடியும்.

உயர்வோடு வருவதும் வராததும்

இருக்கையும் பெரும்பாலும் உணவும் கிடைக்கும். உணவு முன்கூட்டியே எண்ணி ஏற்றப்படுவதால், கடைசி நிமிடத்தில் உயர்த்தப்பட்டவர் பிசினஸ் இருக்கையில் அமர்ந்து எகானமி தட்டைத் திறக்க நேர்வதும் உண்டு. ஓய்வறை அனுமதியும் பெட்டி எடை வரம்பும் பொதுவாகப் பழைய சீட்டின்படியே. மைல் புள்ளிகளும் கொடுத்த கட்டணத்துக்குத்தான்.

சட்டம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறையின் 10-ஆவது விதி, பயணியை மேல் வகுப்பில் அமர்த்தும் நிறுவனம் அதற்காகக் கூடுதல் பணம் கேட்கக் கூடாது என்கிறது. அதே விதி மறுபக்கத்தையும் பேசுகிறது: கீழ் வகுப்புக்கு இறக்கினால், தூரத்தைப் பொறுத்து சீட்டு விலையில் 30, 50 அல்லது 75 சதவீதத்தை 7 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். இந்தியாவில் 2023 பிப்ரவரி 15 முதல் இதற்கு இணையான விதி நடப்பில் உள்ளது. உள்நாட்டுப் பயணத்தில் வரி உட்பட சீட்டு விலையில் 75 சதவீதம். வெளிநாட்டுப் பயணத்தில் 1,500 கிலோமீட்டர்வரை 30 சதவீதம், 3,500 கிலோமீட்டர்வரை 50 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்.