தீயை விட மோசமானது வாராக்கடன்

காமர்ஸ் நண்பர்களே, பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச் பாடம் நடத்தினால் தூக்கம் வருகிறதா? ஸ்பெயினில், வல்லடோலிட் மாகாணத்தில், அந்தச் சீட்டாலேயே செழித்த ஊர் ஒன்று இருக்கிறது. பெயர் மெதினா டெல் கம்போ.

15, 16ஆம் நூற்றாண்டுகளில் மே மாதமும் அக்டோபரிலும் இங்கே பெரிய சந்தை கூடும். கம்பளி, துணி வியாபாரம். வெளிநாட்டு வியாபாரிகள்கூடப் பண மூட்டையைச் சுமக்காமல் மாற்றுச்சீட்டிலேயே கணக்குத் தீர்த்தார்கள். சிமோன் ரூயிஸ் என்ற வியாபாரியின் ஆயிரக்கணக்கான சீட்டுகளும் கடிதங்களும் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

போனால் பார்க்க வேண்டியவை: மேட்டில் நிற்கும் செங்கல் கோட்டை லா மோட்டா, சந்தை மைதானம், 1504ல் ராணி இசபெல்லா இறந்த அரண்மனை இருந்த இடம், சந்தை மியூசியம். ஊரைத் தாண்டினால் சமவெளி, ருவேடா வரை திராட்சைத் தோட்டங்கள்.

1520 கலகத்தில் அரச படை வைத்த தீயில் ஊரின் பெரும்பகுதி எரிந்தது. அதன் பிறகும் சந்தை எழுந்து நின்றது. ஆனால் மன்னர் இரண்டாம் பிலிப், 1557, 1575, 1596 என்று திரும்பத் திரும்பக் கடனுக்குக் கைவிரித்தார். கடன் கொடுத்தவர்கள் நொடித்தார்கள், சந்தையும் படுத்துவிட்டது.

கடன் வாங்குபவர் ராஜாவே ஆனாலும் கணக்கு கணக்குதான், இல்லையா?