பொருள்மயக்கமும் பிறமொழிப் பயில்வும்: கொட்டியாரக் குடாவிலிருந்து ஒரு நோக்கு

பிறமொழி ஒன்றைப் பயில்வோனும் அம்மொழி நூலை வாசிப்போனும் முற்றும் விளங்காத சொற்களினூடாகவே முன்செல்ல வேண்டியுள்ளது. அம்மயக்கத்தைப் பதற்றமின்றிப் பொறுக்கும் ஆற்றலை உளவியலாளர் ஆளுமைப் பண்பாகவே பெரிதும் நோக்கினர். எல்சா ஃபிரெங்கல்-பிரன்ஸ்விக் 1949இல் வெளியிட்ட ஆய்வு, இனக்காழ்ப்பு மிக்க சிறுவரிடம் இவ்வாற்றல் குன்றியிருத்தலைச் சுட்டியது. பிரெஞ்சு பயின்ற கனடிய மாணவர் பற்றி 1978இல் வெளிவந்த ரொறன்ரோ ஆய்வு, மொழிக்கல்வியில் பெறும் வெற்றியோடு இதனைத் தொடர்புபடுத்தியது. ஆயின் இவ்வாற்றல் தனிமனித மனத்தில் மட்டும் வேர்கொண்டதா, அன்றி அவன் வாழும் சமூக உறவுகளாலும் ஆக்கப்படுவதா என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு விடை காணத் திருகோணமலை மாவட்டத்துக் கொட்டியாரக் குடாவின் வரலாறு துணைபுரியும்.

கிழக்கிந்தியக் கம்பனியின் ‘ஆன்’ என்னும் கப்பல் 1659இல் புயலாற் சேதமுற்று, திருத்த வேலைக்காக இக்குடாவை அடைந்தது. தொடக்கத்தில் அதன் மாலுமிகள் ஊரவரை ஐயுற்றனர். இருபது நாள்வரை இடையூறின்றிக் கழிந்ததும் ஐயத்தைக் கைவிட்டனர் என ரொபேட் நொக்ஸ் எழுதுகின்றார். அரசனின் கடிதம் வந்துள்ளது, அதனைக் கப்பற்றலைவரிடமே கையளிக்க வேண்டும் என்று திசாவை சொல்லியனுப்பினான். அச்செய்திக்கு வெளிப்படையான பொருள் ஒன்றையே கண்டமையால், 1660 ஏப்ரல் மாதமளவில் நொக்ஸும் கப்பற்றலைவரான அவர் தந்தையும் உட்படப் பதினாறு பேர் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் கைதிகளாயினர். மயக்கத்தை அவசரமாக முடித்துவைத்தமையின் விளைவு இது.

அதன்பின் பத்தொன்பது ஆண்டுகள் நொக்ஸ் சிங்களத்தினூடே வாழ்ந்தார். அவரது பொறுமைக்குப் பொருளியல் அடிப்படை ஒன்றிருந்தது. அரசாணைப்படி கிராமத்தவர் கைதிகளுக்கு உணவளித்தனர். தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடன் கொடுத்தும், ஊர் ஊராகப் பண்டங்களைக் கொண்டுசென்றும் அவர் மக்களோடு ஊடாடினார். உழைப்பும் பண்டமாற்றுமே அவருக்குப் பள்ளிக்கூடமாயின. 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், முன்னிலையாரை அழைக்கச் சிங்களத்தில் ஏழெட்டுச் சொற்கள் உண்டெனப் பட்டியலிடுகின்றது. அவற்றுள் எதனை எவரிடம் வழங்குவதென்பது அகராதியாற் புலப்படுவதன்று. நிலமானிய சமூகத்தின் படிநிலையை அறிந்தோர்க்கே புலப்படும். உழவனின் பேச்சுக்கும் அரசவையோன் பேச்சுக்கும் திறனில் வேறுபாடில்லை எனவும் அவர் குறித்துள்ளார். சமூகத்தினுள் வாழ்ந்து, விளங்காமையை நீண்டகாலம் பொறுத்திருந்தவர்க்கே இத்தகைய நுண்ணிய அவதானம் கைகூடும்.

1679இல் தப்பியோடிய நொக்ஸ் அனுராதபுரத்தை அடைந்தபோது, அங்கு வாழ்ந்த தமிழருக்குச் சிங்களம் விளங்கவில்லை. இருமொழியறிந்த ஒருவர் வரும்வரை இருசாராரும் ஒருவரையொருவர் நோக்கியவாறே நின்றனர். உணவும் தொழிலும் காலமும் இருந்த இடத்திற் பயனளித்த பொறுமை, அடுத்த கணத்திற் கைதாகக்கூடிய இடத்திற் பயனற்றதாயிற்று. அங்கு தேவைப்பட்டவர் உரைபெயர்ப்பாளரே.

அதே குடாவின் கரையிலுள்ள சம்பூரின் அண்மைக்கால வரலாறு இவ்வேறுபாட்டை மேலும் தெளிவாக்குகின்றது. 2006இல் போரினால் இடம்பெயர்ந்த அவ்வூர் மக்களின் நிலத்தின் கதி, வர்த்தமானி அறிவித்தல்களாற் தீர்மானிக்கப்பட்டது. 2007இல் அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர் முதலீட்டு வலயத்திற்கு ஒதுக்கப்பட்ட 818 ஏக்கர், 2015 மே மாதத்தில் அவ்வொதுக்கீட்டினின்றும் விடுவிக்கப்பட்டது. கதையொன்றை வாசிப்பவன் ஒரு சொல் விளங்காவிடின் அதனைக் கடந்து செல்லலாம். தன் காணி பற்றிய அறிவித்தலை வாசிக்கும் விவசாயிக்கு அவ்வுரிமை இல்லை. 1956ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. எனினும், இரு மொழி வாசகங்களிடையே முரண்பாடு நேரின் சிங்கள வாசகமே மேலோங்கும் என்னும் வாசகம் சட்டங்களின் இறுதியில் வழக்கமாக இடம்பெறுகின்றது. மயக்கத்தைத் தீர்க்கும் அதிகாரம் எம்மொழியிடம் உள்ளதென்பதை அது வெளிப்படையாகவே கூறுகின்றது.

பலபொருள் ஒருசொல்லைத் தொல்காப்பியர் இருவகைப்படுத்துவார். ஒன்று, வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளிவது. மற்றது, சொல்லுவோனே கிளந்து கூற வேண்டுவது. இப்பாகுபாட்டை மொழிக்கல்விக்கும் நீட்டி நோக்கலாம். வகுப்பறையிலும் இலக்கிய வாசிப்பிலும் எழும் மயக்கம் முதல்வகையினது. அதனைப் பொறுக்க மாணவரைப் பழக்குதல் ஆசிரியர் கடன். அரச ஆவணத்தில் எழும் மயக்கம் இரண்டாம்வகையினது. அதனைக் குடிமகனின் மொழியிற் கிளந்து கூறுதல் அரசின் கடன். பின்னதைத் தட்டிக்கழித்துவிட்டுச் சிங்களம் கற்கும் தமிழ் மாணவனிடமும் தமிழ் கற்கும் சிங்கள மாணவனிடமும் முன்னதை மட்டும் வேண்டுவது, அதிகாரத்தின் கடமையை ஒடுக்கப்பட்டோரின் பொறுமையாக மாற்றுவதேயாகும்.