பிறந்த தேதியும் முகாம் முகவரியும்: தமிழகத்தில் பிறந்த ஈழத்தமிழ் இளையோரின் குடியுரிமைச் சிக்கல்

கூமாப்பட்டி, வத்திராயிருப்பு முதலிய மலையடிவார ஊர்களைக் கொண்ட விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, மொட்டமலை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 1983 ஜூலைக் கலவரத்தை அடுத்துத் தொடங்கிய இடப்பெயர்வு 1990, 1996, 2006 எனப் பல அலைகளாக நீண்டது. தமிழகம் வந்தோர் தொகை மூன்று இலட்சத்தைக் கடந்தது. ஆயினும் இன்று இம்முகாம்களில் வாழும் இளையோருள் பலர் கடல் கடந்தவர் அல்லர், இங்கேயே பிறந்தவர். தஞ்சம் கோருதலை ஒரு நிகழ்வாகக் கொள்ளும் ஏதிலியர் ஆய்வுகள் இவர்களை விளக்கப் போதா. இவர்களுக்குத் தஞ்சம் என்பது பெற்றோர்வழி வந்த சட்டநிலை.

இந்தியா 1951ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஏதிலியருக்கெனத் தனிச்சட்டமும் இயற்றவில்லை. எனவே 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவே இவர்களின் நிலையைத் தீர்மானிக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எவராயினும், பிறப்பால் குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருத்தல் கூடாது. ஒரே முகாம் வீட்டில் 1986இல் பிறந்த அக்காள் குடிமகள். 1988இல் பிறந்த தம்பி அயல்நாட்டவன். முகாம் இளைஞர் உள்ளூர்ப் பெண்ணை மணந்தாலும் 2004க்குப் பின் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை எளிதில் கிட்டுவதில்லை.

முதல் வகையினரின் உரிமையும் தானாக வந்து சேரவில்லை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண்ணொருவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவரைப் பிறப்பால் குடிமகள் என ஏற்றது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவர் பிறந்த அதே 1986இல்தான் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்பகுதியில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர் மீட்கப்பட்டனர். அந்நாட்டில் தஞ்சம் பெற்றவர் நிரந்தர வதிவுரிமை வழியாகக் குடிமக்களாக முடிந்தது. முகாம் பிள்ளைகளுக்கு அத்தகைய படிநிலை வகுக்கப்படவில்லை.

கல்வியை மட்டும் நோக்கின் தமிழக நிலை குறைவானதன்று. 1984இல் தொடங்கப்பெற்ற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் பள்ளிப்படிப்பை ஊன்றச் செய்தது. 1991க்குப் பின் உயர்கல்வி வாயில்கள் அடைபட்டுப் பின்னர் படிப்படியாகத் திறந்தன. ஆனால் பட்டம் பெற்றவர் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க இயலாது. பொறியியல் முடித்தும் வர்ணம் பூசும் வேலைக்கே திரும்பியோர் முகாம்தோறும் உண்டு. பட்டதாரியின் கையில் தூரிகை இருப்பதைத் திறன்குறைவு எனக் கொள்வது பிழை.

2021இல் தமிழக அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. 7,469 புதிய வீடுகளும் அதில் அடங்கும். 'அகதிகள் முகாம்' என்னும் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என மாறியது. குடியுரிமையோ மாநில அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரையே கருதியது; இலங்கை அதில் இடம்பெறவில்லை. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட ஆணை, 2015 ஜனவரி 9 வரை தஞ்சமடைந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழருக்குத் தண்டனை விதிகளிலிருந்து விலக்களித்தது. இது குடியுரிமை அன்று. நுழைந்த நாளைக் கொண்டு வரையப்பட்ட இவ்வாணையில், எந்த எல்லையையும் கடவாமல் முகாமிலேயே பிறந்தவர் எந்த நாளில் நுழைந்தவராகக் கருதப்படுவார் என்பதே இனி ஆராயப்பட வேண்டியது.