மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

போர்க்காலத்தில், 1990இல் இலங்கை அரசின் பொருளாதாரத் தடை வந்ததும் நாட்டின் வடக்கில் பெட்ரோல் அரிதாயிற்று.

யாழ்ப்பாணத்து ஆஸ்டின்களும் மொரிஸ் மைனர்களும் நின்றுவிடவில்லை. சில துளி பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்தது; கரி படிந்தது, பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்தன.

அத்தகைய எஞ்சினைக் கடைந்து புது ரிங் போடுவது பாதி வேலைதான். ரிங் சிலிண்டர் சுவரோடு படிய, தொடக்கத்தில் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். இடையில் மாதக்கணக்கில் நின்றால் கடற்காற்று துருவேற்றும். பிளக்கைக் கழற்றி ஒயில் விட்டு, கையால் சுற்றிப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யலாம்.

தடை 2002இல் நீங்கியது. அந்த எஞ்சின்களைத் திருத்தி ஓடவைத்த மெக்கானிக்குகளின் கைப்பக்குவமும் போர்க்கால வரலாறுதான்; அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.