கப்பல் வந்தால்தான் கூலி

சென்னைப் பட்டினத்துக்குத் துறைமுகம் வந்தது பிற்காலத்தில். துறைமுகத் தொழிலாளி வந்தது அதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால். கும்பினியார் 1639-ல் இந்த மணற்கரையில் இடம் பிடித்தபோது, கப்பல் அணையக்கூடிய இடம் இங்கே மருந்துக்கும் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். துணிப் பொதிகளும் சரி, துரைமார்களும் சரி, நடுவே கொந்தளிக்கும் அலைகளைத் தாண்டுவதற்கு மசூலாப் படகைத்தான் நம்பியிருந்தார்கள். ஓர் ஆணிகூட அடிக்காமல், பலகைகளைத் தென்னங் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை அறைந்தால் உடையாது, வளைந்து கொடுக்கும்.

படகு வளைந்து கொடுத்ததே தவிர, படகோட்டிகள் அவ்வளவாக வளைந்து கொடுத்தவர்கள் அல்லர். கூலியைக் கும்பினி விதிக்கலாம். ஆனால் அலை பொங்குகிற நாளில், "இன்றைக்குப் படகு இறங்காது" என்று படகோட்டி சொல்லிவிட்டால் கவர்னர் துரையும் கரையில்தான் நிற்க வேண்டும். தொழிலின் சூட்சுமம் தொழிலாளியின் கையில் இருக்கிறவரைக்கும் முதலாளி கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.

அந்தச் சூட்சுமத்தைக் கல் சுவர் வந்து பறித்தது. 1875-ல் அடிக்கல் நாட்டி, 1881-ல் புயலுக்குப் பறிகொடுத்து, மறுபடியும் கட்டி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர் துறைமுகத்தின் வாயையே வடகிழக்குப் பக்கமாகத் திருப்பி வைத்த பிறகு, கப்பல்கள் சுவரோரம் வந்து நின்றன. அலையைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அங்கே வேலை இல்லை. முதுகும் தோளும் உள்ளவனுக்கு வேலை இருந்தது. 'கூலி' என்று நாம் உழைப்புக்குக் கொடுக்கும் காசைச் சொல்கிறோம். ஆங்கிலத்திலோ அந்தச் சொல் மனிதனுக்கே பெயராகிவிட்டது. சொல்லின் பிறப்பைப் பற்றிப் பண்டிதர்கள் சண்டையிட்டுக் கொள்ளட்டும். காசுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாமற் போனதைப் பார்க்க வேண்டுமானால் துறைமுக வாசலுக்குப் போயிருந்தால் போதும்.

துறைமுகத்தில் இரண்டு ஜாதித் தொழிலாளிகள் உண்டு. கரையில் சரக்கை வாங்கி அடுக்குகிறவர் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் ஆட்கள். கப்பலுக்குள் இறங்கி, அடிவயிற்றில் கிடக்கும் மூட்டைகளைச் சுமந்து கொக்கியில் மாட்டுகிறவர் வேறு. இவர்களை வைத்து வேலை வாங்குகிறவர் 'ஸ்டீவ்டோர்' எனப்படும் ஒப்பந்தக்காரர். கப்பல் முதலாளி லண்டனிலோ ஹாம்பர்க்கிலோ இருப்பார். ஒப்பந்தக்காரர் கடற்கரைச் சாலையில் ஓர் ஆபீசில் இருப்பார். தொழிலாளி கண்ணால் காண்பதெல்லாம் மேஸ்திரியைத்தான். காலையில் வாசலில் கூட்டம் நிற்கும். மேஸ்திரி வருவார், விரலை நீட்டுவார். விரல் யார் மேல் விழுந்ததோ அவனுக்கு அன்றைக்குச் சோறு. கடன் கொடுத்தவர் மேஸ்திரி, வேலை கொடுப்பவரும் மேஸ்திரி என்றால் விரல் எந்தப் பக்கம் நீளும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் வராத நாளில் விரலும் இல்லை, சோறும் இல்லை.

இது சென்னைக்கு மட்டும் நேர்ந்த விதி அன்று. 1889-ல் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதற்காக? மணிக்கு ஆறு பென்ஸ் கூலிக்காகவும், கூப்பிட்டால் குறைந்தது நாலு மணி நேரமாவது வேலை தர வேண்டும் என்பதற்காகவும். ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் பணம் அனுப்பி அவர்களைத் தாங்கினார்கள், வெற்றியும் கிடைத்தது. அப்படியும் காலை நேரத்து வாசல் கூட்டம் ஒழியவில்லை. 1954-ல் வெளிவந்த 'ஆன் த வாட்டர்ஃபிரண்ட்' என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்தவர்களுக்கு நியூயார்க் பக்கத்தில் அந்தக் கூட்டம் எப்படி இருந்தது என்பது தெரியும். அதைச் சென்னை வாசலில் எடுத்திருந்தாலும் கதையில் பெரிய மாறுதல் தேவைப்பட்டிருக்காது.

விட்லி துரையின் தலைமையில் வந்த தொழிலாளர் ராயல் கமிஷன் 1931-ல் ஓர் யோசனை சொல்லிற்று: துறைமுகத் தொழிலாளிகளைப் பதிவு செய்யுங்கள், முறை வைத்து வேலை கொடுங்கள் என்று. யோசனை காகிதத்திலேயே தூங்கி, சுதந்திரம் வந்த பிறகு 1948-ல் சட்டமாயிற்று. அதன்படி ஐம்பதுகளில் சென்னைத் துறைமுகத் தொழிலாளர் வாரியம் ஏற்பட்டது. அரசாங்கம், முதலாளிகள், தொழிலாளிகள் என்று மூன்று தரப்பும் சம எண்ணிக்கையில் உட்காரும் சபை அது.

இந்த வாரியத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஒரு மனிதனுக்கு அது என்ன செய்தது? முதலில் அவனுக்கு ஓர் எண்ணும் அட்டையும் கொடுத்தது. எண் என்றால் இலக்கியக்காரர்களுக்கு ஆகாது. மனிதனை எண்ணாக்கிவிட்டார்களே என்பார்கள். ராயபுரத்துத் தொழிலாளிக்கு அந்த எண்தான் மேஸ்திரியின் விரலிலிருந்து கிடைத்த விடுதலை. முறை எண்ணின்படி வரும். முகத்தைப் பார்த்து வராது. அடுத்தது, வேலைக்கு ஆஜராகி, கப்பல் இல்லை என்று திரும்பினால் அதற்கும் ஒரு படி. காத்திருப்பதும் உழைப்புதான் என்று ஒரு சட்டம் ஒப்புக் கொண்டது! மாதத்தில் இத்தனை நாளைக்காவது கூலி நிச்சயம் என்ற உறுதியும் வந்தது. இதற்கெல்லாம் பணம்? ஒப்பந்தக்காரர்கள் கொடுக்கும் கூலியின் மேல் ஒரு வரி போட்டு வசூலித்தார்கள்.

இப்போது அவனுடைய முதலாளி யார்? இன்றைக்கு ஓர் ஒப்பந்தக்காரர், நாளைக்கு இன்னொருவர். பெயர் இருப்பதோ வாரியத்தின் ஏட்டில். எண்ணூரில் 1948-ல் தோன்றி 1955-ல் அசோக் லேலண்டாகப் பெயர் மாறிய மோட்டார் ஆலையிலோ, திருவொற்றியூரில் அந்த 1955-ல் வந்த என்ஃபீல்டிலோ வேலை பார்த்தவனுக்கு இந்தக் குழப்பம் இல்லை. சங்கு ஊதும் வாசல் எதுவோ அதுவே முதலாளி. துறைமுகத்தான் பல முதலாளிகளுக்கும் பொதுவானவன், யாருக்கும் அடிமையல்லன். விசுவாசம் என்ற சொல் இல்லாமலே வேலை நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கே வந்து ஆலைத் தொழிலாளரையும் துறைமுகத் தொழிலாளரையும் திரட்டிய எஸ். சி. சி. அந்தோணிப் பிள்ளையை 1957-ல் வடசென்னை பார்லிமெண்டுக்கு அனுப்பி வைத்தது என்றால், அந்த நிமிர்வுக்கும் அதில் பங்கு உண்டு.

ஒப்பந்தக்காரர்களின் முறையீட்டையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கோஷ்டிக்கு இத்தனை பேர் என்று விதி. வேலைக்கு அவ்வளவு பேர் வேண்டுமா என்ற கேள்விக்கு இடமில்லை. துரிதமாக முடிக்கக் கைக்காசு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அவர்கள் புலம்பியதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் இந்த ஏற்பாட்டைக் கவிழ்த்தது அந்தப் புலம்பல் அன்று. அது ஓர் இரும்புப் பெட்டி.

1956 ஏப்ரலில், மால்கம் மக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, 58 பெட்டிகளை ஒரு பழைய எண்ணெய்க் கப்பலின் மேல் தளத்தில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சென்னையில் வாரியம் வேரூன்றிக் கொண்டிருந்த காலம் அது! அமெரிக்க மேற்குக் கரையில் ஹாரி பிரிட்ஜஸின் சங்கம் வருவதை முன்கூட்டியே மோப்பம் பிடித்து, 1960-ல் இயந்திரத்துக்கு வழிவிட்டு, அதற்கு விலையாக ஒரு பெரிய நிதியை வாங்கிக் கொண்டது. சென்னையில் பெட்டிகளுக்கென்றே தனி முனையம் 1983-ல் திறக்கப்பட்டது. மூட்டையை முதுகில் சுமந்து நாட்கணக்கில் செய்த வேலையைப் பாரந்தூக்கி மணிக்கணக்கில் முடித்தது. 1989-ல் பிரிட்டன் தன்னுடைய துறைமுகத் தொழிலாளர் திட்டத்தை ரத்து செய்தது. நம் நாட்டில் 1997-ல் ஒரு சட்டம் வந்து, வாரியங்களைத் துறைமுகங்களோடு கரைக்க வழி செய்தது. சென்னை வாரியமும் அப்படியே கரைந்தது. 2001-ல் பெட்டி முனையம் தனியார் கைக்குப் போயிற்று.

அந்த 2001-ல்தான் எண்ணூரில் புதுத் துறைமுகம் இயங்கத் தொடங்கிற்று. கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான முதல் பெருந்துறைமுகம் அது; பின்னால் காமராஜர் பெயர் சூட்டினார்கள். இடத்தை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் மாதிரி அது நடக்கிறது. சரக்கு ஏற்றுவதும் இறக்குவதும் குடியிருக்கும் கம்பெனிகளின் பாடு. சென்னைத் துறைமுகம் ஆயிரமாயிரம் பேருக்குச் சம்பளம் கொடுத்த காலத்தை அறிந்தவர்களுக்கு, எண்ணூரின் சொந்த ஊழியர் பட்டியல் ஒரு பெரிய கல்யாணத்தின் முதல் பந்திக்குக்கூடக் காணாது என்றுதான் தோன்றும். நிலக்கரியும் இரும்புத் தாதும் சென்னைக் காற்றைக் கெடுக்கின்றன என்று உயர்நீதிமன்றம் 2011-ல் தடுத்தபோது, நிலக்கரி எண்ணூருக்கு நகர்ந்தது. காற்று சுத்தமானதில் ராயபுரத்துக்கு ஆதாயமே. நிலக்கரியோடு எத்தனை அடுப்புகள் இடம் பெயர்ந்தன என்பது வேறு கணக்கு.

மூட்டை தூக்கியவன் போய்விட்டான். பெட்டி தானாக நடந்து போவதில்லை. அதை இழுத்துச் செல்ல டிரெய்லர் வேண்டும், டிரெய்லருக்கு டிரைவர் வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் திருவொற்றியூர் வழியாகத் துறைமுகத்தின் வடவாசல் வரைக்கும் மைல் கணக்கில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்ற காட்சியை வடசென்னைவாசிகள் வருஷக் கணக்காகப் பார்த்தார்கள். வண்டி ஒருவருடையது; பெட்டி இன்னொருவருடையது; வாசல் மற்றொருவருடையது. டிரைவர் வண்டிக்கு அடியில் துணி கட்டி உறங்கி, சாலையோரத்தில் சமைத்து, வரிசை நகரும்போது எழுந்து நகர்த்துவார். பலருக்குக் கூலி நடைக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. நின்ற நாளுக்கு யார் கொடுப்பது என்று கேட்டால், கையைக் காட்டுவதற்கு ஒரு மேஸ்திரிகூட அங்கே கிடையாது.